பழுப்பு ஏறாத இடம்

நான்கு மைக்ரான்.
ஒரு தலைமயிரை இருபதாகப் பிளந்தால்
கிடைக்கும் கனம்.
மெழுகுக் கட்டியில் சீவிய நாடா
வெந்நீர்த் தொட்டியில் சுருக்கம் நீங்கி மிதக்கிறது.
கண்ணாடித் துண்டால் அள்ளுகிறேன்.
தும்மினால் ஒரு மனிதன் பறந்துபோவான்.

வால்டிவியாவில் மழை, பதினோராவது நாள்.

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
இங்கே பன்னிரண்டு எடுக்கிறோம்,
வாதுமை அளவே உள்ள ஒரு சுரப்பியிலிருந்து, ஊசியால்.
அப்படியும் பானை
முழு உண்மை சொல்வதில்லை.

2207, 2208.
இரண்டு பெட்டிகளிலும் ஒரே தேதி, ஒரே ஊர்: புனுகாபா.
எலேயுதேரியோ, அறுபத்தொன்பது.
லீனோ, எழுபது.
அக்காளை ஒருவன் கட்ட, அவன் தங்கையை மற்றவன் கட்டியவர்கள்.
படகுக்கு டீசல் வீணாக வேண்டாமென்று
ஒரே நாளில் வந்து
அடுத்தடுத்த கட்டிலில் படுத்தவர்கள்.
(இதெல்லாம் விண்ணப்பத்தில் இல்லை.
வரவேற்பில் இருக்கும் ஹாசிந்தா சொன்னது.)

லென்ஸின் கீழ் இருவருக்கும் ஒரே முகம்.
மூன்று கூட்டல் நான்கு, ஏழு.
வரப்பு கலைந்த வயல் மாதிரி
ஒன்றன்மேல் ஒன்று சரிந்த சுரப்பிகள்.

டாக்டர் இஸ்மேனியா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
"கண்ணுக்கு இரண்டும் ஒன்று, மிரேயா.
நிறத்தைக் கேட்டுப் பார்."

பிடென் என்று ஒரு புரதம்.
உயிரணுவின் பிரேக் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
இருந்தால் பழுப்பு ஏறும்.
இல்லாவிட்டால் வெறும் நீலம்,
ஆளில்லாத வீட்டில் எரியும் விளக்கு மாதிரி.

2208 பழுத்தது.
தேநீர்க் கறைபோல, ஓரம் விடாமல்.

2207இல்
புற்று இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது.

முதலில் என்னைத்தான் சந்தேகித்தேன்.
மருந்து பழசோ, நேரம் தப்பியதோ,
இரண்டு பெட்டியும் கை மாறியதோ.
மறுபடி சீவினேன். மறுபடி சாயம்.
அதே கண்ணாடியில், அந்த வெளிறலுக்குப் பக்கத்திலேயே,
நோய் தொடாத ஒரு சுரப்பி
நல்ல பழுப்பாக நின்றுகொண்டிருந்தது,
சாயத்தின்மேல் பழி போடாதே என்பதுபோல.

இல்லாத ஒன்றை
இல்லை என்று நிரூபிக்க
எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

"சாபம் இல்லை இது," என்றாள் இஸ்மேனியா.
"வரிசையில் ஒருவரை முன்னால் நிறுத்தும் சீட்டு.
ஒருவருக்குச் சிகிச்சை.
ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், இப்போதைக்கு."
இப்போதைக்கு என்பதை
இரண்டு முறை சொன்னாள்.

சனிக்கிழமை ஆற்றங்கரைச் சந்தை.
மீன்தலைக்காகக் கடற்சிங்கங்கள் குரைக்கின்றன.
ஆப்பிள் மதுப் புட்டிகளோடு
ஒரே தார்ப்பாயின் கீழ் இரண்டு கிழவர்கள்.
என் அட்டையில் ஆஸ்பத்திரி முத்திரையைப் பார்த்துவிட்டு
உயரமானவர் சிரித்தார்:
"எங்கள் இருவருக்கும் ஏழு என்றார்களாம்.
நோயில்கூட இவன் என்னைக் காப்பியடிக்கிறான்."

குட்டையானவர் பதில் சொல்லாமல்
ஆற்றுக்கு அப்பால் கை காட்டினார்.
"அறுபதாம் வருட பூகம்பத்தில்
அப்பாவின் நிலம் ஒரே மதியத்தில் இறங்கியது.
பத்திரத்தில் இன்னும் மேய்ச்சல் நிலம்தான்.
போய்ப் பாருங்கள்,
கறுப்புக் கழுத்து அன்னங்கள் மேய்கின்றன."

யார் எலேயுதேரியோ என்று
நான் கேட்கவில்லை.
அவர்களை நான் அறிந்ததெல்லாம்
நான்கு மைக்ரான் கனத்தில்.
உறை செவ்வாய்க்கிழமை போகும்.
அதைப் பிரிப்பது என் வேலை இல்லை,
சொல்வதும் இல்லை.

"ஒரு புட்டி," என்றேன்.

இரண்டு கைகள் நீண்டன.
இரண்டிலும் ஒரே மது, ஒரே விலை,
வெளிச்சத்தில் பிடித்தால்
ஒரே பழுப்பு.
மழையில் நின்றுகொண்டு
எந்தக் கையிலிருந்து வாங்குவது என்று தெரியாமல்
சில்லறையை எண்ணினேன்,
மறுபடி எண்ணினேன்.